நாளைய உரிமையை இன்று விற்றல்

உள்ளதை விற்றல் உலகியல்பு. இனி வரவிருப்பதை விற்றலும் நம் நாட்டிற்குப் புதிதன்று. வில்லியனூர், பாகூர்ப் பக்கத்து உழவர் ஏலச்சீட்டினை நன்கறிவர். இருபதின்மர் கூடித் திங்கள்தோறும் ஒரு தொகை கட்டுவர். அவசரமுடையவர் சீட்டை முன்னரே தள்ளி எடுப்பர். பொறுத்திருப்பவர் தள்ளுத்தொகையில் பங்கும் பெற்றுக் கடைசியில் நிறைந்த தொகையும் பெறுவர். முன்னவர் தம் நாளையை விற்று இன்றைக் கொள்கின்றார். பின்னவர் இன்றைப் பொறுத்து நாளையைக் கொள்கின்றார். இவ்வாணிகமே இந்நாளில் மாணவர் சிலரிடையே விளையாட்டின் உருவிலும் நடைபெறுகின்றது. அதன் முறைமையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

‘பேன்டசி புட்பால்’ என்பது அமெரிக்கக் கால்பந்தாட்டத்தை ஒட்டிய கற்பனை ஆட்டம். 1962ஆம் ஆண்டில் ஓக்லந்து ரெய்டர்ஸ் அணியின் பங்காளருள் ஒருவராகிய பில் விங்கன்பாக் என்பாரும் அவர்தம் நண்பரும் இதனை வகுத்தனர். ஆடுவோர் முறைவைத்து மெய்யான ஆட்டக்காரர்களைத் தத்தம் அணிக்குத் தெரிந்தெடுப்பர். அவ்வாட்டக்காரர் களத்தில் காட்டும் திறனே இவர்க்குப் புள்ளிகளாம். ‘கீப்பர் லீக்’ என்னும் வகையில் ஆண்டிறுதியில் அணி முற்றும் கலைவதில்லை. ஐ.பி.எல். கிரிக்கெட்டு அணிகள் சிலரைத் தக்கவைத்துக்கொண்டு ஏலத்திற்குச் செல்லுதல்போல, இங்கும் சிலரை நிறுத்திக்கொண்டு மறுவாண்டுத் தெரிவிற்குச் செல்லுவர். ஆதலின், அடுத்த ஆண்டில் முற்படத் தெரிந்தெடுக்கும் உரிமை விலையுடைய பொருளாகின்றது. இதனைப் ‘பிக்’ என்பர். இவ்வாண்டே வாகைசூட விழைபவர் அவ்வுரிமையைக் கொடுத்துத் தேர்ந்த ஆட்டக்காரரைப் பெறுவர். பின்தங்கியவர் ஆட்டக்காரரைக் கொடுத்து வருங்காலத்தைப் பெறுவர்.

இதனை அறவே விலக்கவேண்டும் என்பார் சிலர். அவர் கூற்று எமக்கு உடன்பாடன்று. 1989ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் மின்னசோட்டா வைக்கிங்ஸ் அணி, ஹெர்ஷல் வாக்கர் என்னும் ஒருவரைப் பெறும்பொருட்டு, டல்லஸ் கௌபாய்ஸ் அணிக்கு ஆட்டக்காரர் ஐவரையும் வரும் ஆண்டுகளின் தெரிவுரிமைகள் பலவற்றையும் ஈந்தது. வைக்கிங்ஸ் கருதிய பட்டம் கிட்டவில்லை. டல்லஸோ அவ்வுரிமைகளின் துணையால் அணியைப் புதுக்கி, 1992, 1993, 1995ஆம் ஆண்டுப் பருவங்களில் சூப்பர் பௌல் பட்டம் வென்றது. எனினும், இதில் அநீதி யாதுமில்லை. விற்றவரே இருந்து இழப்பையும் ஏற்றனர். இருவர் தம் கணிப்பை எதிரெதிர் வைத்து, ஒருவர் கணிப்பு பிழைத்தது, அவ்வளவே.

பிழை எங்குளதெனின், விற்றவன் ஒருவன், கடனிறுப்பவன் வேறொருவன் ஆகுமிடத்தே உளது. கல்லூரி மாணவர் மூன்றாண்டில் பிரிந்து செல்பவர். இறுதியாண்டினன் ஒருவன் தன் அணியின் மறுவாண்டு உரிமைகளையெல்லாம் விற்று, ஒரு பருவம் கொடிகட்டிப் பறந்து, பட்டத்தோடு வெளியேறுகின்றான் என்க. அவனது அணியை ஏற்கும் முதலாண்டு மாணவன் பெறுவது யாது? உமி போன்ற ஒரு பெயர்ப்பட்டியலே. இரண்டொரு திங்களில் அவன் சலித்து விலகுவான், அவனைக்கண்டு பிறரும் விலகுவர், கூட்டம் கலையும். ஏசா பயற்றங்கூழுக்கு விற்றது தன் சொந்தச் சேஷ்டபுத்திர பாகத்தை. இவனோ பின்வருபவன் பாகத்தை விற்றுத் தான் உண்கின்றான்.

அறிவுடைய உலகம் இத்தீங்கினை முன்னரே கண்டுளது. சீட்டை எடுத்தவர் எஞ்சிய தவணைகட்குப் போதிய ஈடு தரவேண்டும் என 1982ஆம் ஆண்டின் சிட்பண்டுச் சட்டம் விதிக்கின்றது. அமெரிக்கக் கூடைப்பந்தில், கிளீவ்லந்து கவாலியர்ஸ் அணியை 1980 முதல் 1983 வரை உடைமையாகக் கொண்டிருந்த டெட் ஸ்டெபியன், முதற்சுற்றுத் தெரிவுரிமைகளைப் பலவாறு கைநழுவ விட்டார். பின்னர் அணியை வாங்கியோர்க்குக் கூடுதல் உரிமைகளை விலைக்கு அளித்து அதனை நிலைநிறுத்த வேண்டியதாயிற்று. அடுத்தடுத்த இரண்டு வருங்கால ஆண்டுகளில் முதற்சுற்றுரிமை இன்றி எவ்வணியும் நிற்கலாகாது என்னும் விதி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது.

பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களை 2025ஆம் ஆண்டின் நடுவண் சட்டம் தடைசெய்துளது. நாம் பேசுவது பணமின்றி நண்பர் ஆடுவதையே. பணமில்லாவிடத்து ஈடாக வைத்தற்குச் சொல்லன்றி வேறில்லை; ஆதலின் விதி தெளிவாதல் வேண்டும். அடுத்த ஓராண்டின் உரிமையை மட்டுமே விற்கலாம். முதற்சுற்றுரிமையைத் தொடர்ந்து இருமுறை விற்றலாகாது. ஒவ்வொரு மாற்றும் அனைவரும் காண ஏட்டில் பதியப்படுக. அவ்வாண்டில் பிரிந்து செல்பவர், தம் அணியை ஏற்பவர் முன்னரே அறியப்பட்டு உடன்பட்டாலன்றி, வருங்கால உரிமை எதனையும் விற்றலாகாது.

“இறுதியாண்டினர்க்கு வெல்லுதற்கு இஃதொன்றே காலமன்றோ? அவர் கையைக் கட்டலாமோ?” என வினவுவாருளர். ஆட்டக்காரர்க்கு ஆட்டக்காரர் மாற்றுதலை யாம் தடுத்திலேம். மேலும், அவர் கையில் இன்றுள்ள அணி, முன்சென்றவர் விற்காது விட்டுச்சென்றமையால் அன்றோ அவர்க்குக் கிடைத்தது?

நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர்ச் செப்பேடுகள், ஒன்பதாம் நூற்றாண்டில் பாகூரிலிருந்த கல்விநிலையத்திற்கு மூன்று ஊர்கள் அறமாக விடப்பட்டமையைக் கூறுகின்றன. விட்டவர், தாம் காணாத மாணவர்க்காக விட்டனர். அத்துணைப் பெரிய ஈகையை ஒரு விளையாட்டில் யாரும் வேண்டிலர். நம்முடையதல்லாத நாளையை நாம் விற்காதிருத்தல் ஒன்றே போதும். மாணவ நண்பர்காள்! அடுத்த பருவத்துத் தெரிவுநாள் வருமுன் இவ்விதிகளை எழுதிக் கையொப்பமிடுமின்.