ஆடி வருதுல்ல!

சென்னை - திருச்சி பஸ்ஸில் போற பாதிப் பேர் உளுந்தூர்பேட்டை டோல்கேட்டைப் பார்த்திருப்பீங்க. ஊரைப் பார்த்திருக்க மாட்டீங்க. பைபாஸிலேயே பறந்துடுவோமே! அந்த ஊருக்குள்ளே, ஒரு மாடி ரூமில் கல்யாணப் பத்திரிகை, பேனர், ஆல்பம் டிசைன் பண்ற நண்பன் ஒருத்தன் எனக்கு உண்டு. சொந்தத் தொழில். முதலாளியும் அவனே, டீ வாங்கப் போற பையனும் அவனே.

ஒரு வைகாசி முகூர்த்த வாரம். கையில் பதினோரு ஆர்டர். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு பேனரை முடிச்சு பிரிண்டிங்குக்கு அனுப்பிட்டான். காலையில் மண்டப வாசலில் மாப்பிள்ளை பெயர் சரியா இருக்கு, பொண்ணு பெயர் மட்டும் வேற கல்யாணத்துடையது! தாய்மாமன் போனில் பேசியதை இங்கே அச்சில் போட முடியாது. மறு பிரிண்ட் செலவு நம்மாள் தலையில். பயத்தில் இரண்டு நாள் போனை ஆஃப் பண்ணி வைக்க, மீதி பத்து பேரும் ரூம் வாசலுக்கே வந்துட்டாங்க.

"ஏன்டா இத்தனை ஆர்டர் எடுத்தே?"

"ஆடி வருதுல்ல மச்சி!"

அதுதான் விஷயம். மாசச் சம்பளக்காரருக்கு ஆடியிலும் சம்பளம் வரும். இவனுக்கு ஆடியில் கல்யாணமே கிடையாது. பேராசை இல்லை, பயம். அதனால்தான் வாயில் 'முடியாது' வரமாட்டேங்குது. டைம்டேபிள் போடுன்னு அட்வைஸ் பண்றவங்க இதைக் கவனிக்கிறதே இல்லை.

பாதியில் நிற்கிற வேலை மண்டைக்குள் குடைஞ்சுட்டே இருக்கும்னு 1927-லேயே புளூமா ஸைகார்னிக் என்ற உளவியலாளர் எழுதினார். பில் கொடுக்காத டேபிளின் ஆர்டரை சர்வர் மறக்க மாட்டார், பணம் வாங்கினதும் மறந்துடுவார் என்பதுதான் ஆரம்பப் பொறியாம். பிறகு செய்த சோதனைகளில் எப்போதும் அதே முடிவு வரலை என்பதையும் சொல்லிடறேன். ஆனா 2011-ல் மஸிகாம்போ, பாமைஸ்டர் என்ற இருவர் செய்த ஆய்வு சுவாரஸ்யம். வேலையை முடிக்கக்கூட வேண்டாம், எப்போ, எப்படிச் செய்யப் போறோம்னு தெளிவாத் திட்டம் போட்டாலே அந்தக் குடைச்சல் அடங்குதாம்.

நம்மாள் இப்போ ஒரு நீளமான பழைய கணக்கு நோட்டு வச்சிருக்கான். ஆர்டர் வந்ததும் தேதி, டெலிவரி நாள், பாதி அட்வான்ஸ். வாரத்துக்கு ஆறுதான். ஏழாவது ஆளுக்கு அடுத்த தேதி, இல்லைன்னா பக்கத்துத் தெரு டிசைனரோட நம்பர். வர்ற காசில் ஒரு பங்கு 'ஆடி' என்று எழுதின தனிக் கவருக்குள் போகுது. அந்தக் கவர் கனமானதும்தான் 'முடியாது'ங்கிற வார்த்தையே அவனுக்கு வந்துச்சு.

படிச்சுக்கிட்டே கடைகளுக்கு ரீல்ஸ் எடிட் பண்றீங்களா? 'எனக்கு ஆறு மணி நேரத் தூக்கம் போதும்'னு கெத்தா சொல்ற ஆளா? 2003-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வில், தினமும் ஆறு மணி நேரமோ அதுக்கும் குறைவாவோ இரண்டு வாரம் தூங்கினவங்களோட கவனம், ஓரிரு ராத்திரி தூங்காம இருந்தவங்க அளவுக்குச் சரிஞ்சிருந்தது. தாங்கள் இவ்வளவு மோசமா இருக்கோம்னு அவங்களுக்கே பெரும்பாலும் தெரியலை. பொண்ணு பெயரை மாத்திப் போட்டப்போ நம்மாளும் "நல்லாத்தான் மச்சி இருந்தேன்" என்றான்.

சொந்தக்காரங்க கல்யாணத்துக்கு மட்டும் அவனுக்கு இன்னும் 'முடியாது' சொல்ல வரலை. அதுக்கு அட்வான்ஸும் வர்றதில்லை.