ஒரே மதிப்பெண், இரண்டு தரவரிசை

கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகத்தில் ராட்சதக் கிரேன்களை அறைக்குள் உட்கார்ந்தபடி இயக்குபவர்களில் உள்ளூர் மீனவக் குடும்பத்துப் பெண்களும் உண்டு. அவர்கள் வீட்டுப் பிள்ளை திருவனந்தபுரம் அரசுப் பொறியியல் கல்லூரியில் சேர வேண்டுமென்றால் 'கீம்' நுழைவுத் தேர்வைத் தாண்ட வேண்டும். தரவரிசைக்கு அந்த மதிப்பெண் பாதி, பிளஸ் டூ கணிதம், இயற்பியல், வேதியியல் மீதிப் பாதி. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

ஆனால் 2025 ஜூலையில் நடந்த கூத்தைப் பாருங்கள். முடிவு வெளியாகும் நேரத்தில் மாநில அரசு கணக்கை மாற்றியது. மூன்று பாடங்களுக்கும் சமமாக இருந்த எடை 5:3:2 ஆனது. பழைய முறையில் மாநிலப் பாடத்திட்டப் பிள்ளைகள் நஷ்டப்படுகிறார்கள் என்பது காரணம். அதை நான் மறுக்க மாட்டேன். ஆட்டம் முடிந்தபின் விதியை மாற்றியதைத்தான் ஏற்க முடியவில்லை. உயர் நீதிமன்றமும் அந்தத் தரவரிசைப் பட்டியலை ரத்து செய்தது. பழைய சூத்திரத்தில் புதுப் பட்டியல் வந்தபோது முதலிடமே கைமாறியிருந்தது. இடையில் யாரும் மறுபடி பரீட்சை எழுதவில்லை!

மதிப்பெண் வேண்டாம் என்று சொல்லவில்லை. கணக்கே வராத பிள்ளையைப் பொறியியலில் தள்ளுவது பாவம். ஆனால் நன்றாகப் படித்த இருவரைத் தசமப் புள்ளியால் பிரித்து, ஒருவனைத் திறமைசாலி, மற்றவனைத் தகுதியில்லாதவன் என்கிறோமே, அந்தப் புள்ளியை வைத்தது பிள்ளை அல்ல, சூத்திரம். தமிழ்நாடு பொறியியலுக்கு நுழைவுத் தேர்வை 2007இல் கைவிட்டது. அங்கும் கட்‑ஆஃப் அரை மதிப்பெண்ணுக்கு வீடுகளில் அழுகை ஓயவில்லை.