தர்மனும் கட்சியின் கடைசிப் படியும்

2023 செப்டெம்பர் 1 ஆம் நாள் நடைபெற்ற சிங்கப்பூர் அதிபர் தேர்தலில் தர்மன் சண்முகரத்தினம் 70.4 விழுக்காடு வாக்குகளைப் பெற்று வென்றபோது, உலகெங்கும் பரந்து வாழும் தமிழர் அதனைத் தம் வீட்டு விழாவாகவே கொண்டாடினர். இலங்கைத் தமிழ் மரபில் வந்த ஒருவர் பெற்ற வெற்றி என்பதால் அந்த மகிழ்ச்சி இயல்பானதே. ஆயினும் அவர் அதிபரானதைப் பேசியவர்களுள் எத்தனை பேர், அவர் ஏன் பிரதமராகவில்லை என்று கேட்டனர்?

தர்மனின் அரசியல் வாழ்வு நேர்கோட்டில் சென்றதன்று. மாணவப் பருவத்தில் இடதுசாரிச் சிந்தனையில் ஈடுபாடு கொண்டிருந்தவர் அவர். சிங்கப்பூர் நாணய ஆணையத்தில் பணியாற்றியபோது, வெளியிடப்படாத பொருளாதார வளர்ச்சிப் புள்ளிவிவரம் நாளிதழொன்றில் வந்தமை தொடர்பான வழக்கில் 1994 இல் 1,500 வெள்ளி தண்டம் விதிக்கப்பட்டவர். வேறு நாடுகளில் இத்தகைய வழக்கு ஒருவரது பொதுவாழ்வை முடித்திருக்கும். மக்கள் செயல் கட்சியோ 2001 இல் அவரை ஜூரோங் குழுத்தொகுதியில் நிறுத்தியது. 2003 இல் கல்வி அமைச்சர், 2007 இல் நிதி அமைச்சர், 2011 இல் துணைப் பிரதமர் என அவர் உயர்ந்தார். திறமையை இனங்காண்பதில் அக்கட்சி கண்மூடியிருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மக்களும் அவரை ஏற்றனர். 2015 பொதுத்தேர்தலில் அவர் தலைமை தாங்கிய ஜூரோங் அணி 79 விழுக்காட்டுக்கும் மேலான வாக்குகளைப் பெற்றது. அது அத்தேர்தலில் கட்சியின் மிகச் சிறந்த பெறுபேறு. 2020 இல் கட்சியின் வாக்குவீதம் நாடளாவிய அளவில் சரிந்தபோதும் ஜூரோங்கே முதலிடத்தில் நின்றது. வாக்களித்தோருள் மிகப் பெரும்பாலோர் சீனர் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆனால் அக்கட்சியில் பிரதமரை வாக்காளர் நேரடியாகத் தெரிவதில்லை. அடுத்த தலைமுறை அமைச்சர்கள் தமக்குள் கலந்து பேசி ஒருவரை முன்னிறுத்த, கட்சி அவரை ஏற்கும். இம்முறையில் மக்களின் விருப்பத்தைவிட, மக்கள் எதை விரும்புவர் என்ற தலைவர்களின் ஊகமே வலிமை பெறுகிறது. 2019 மார்ச்சில் பல்கலைக்கழகக் கலந்துரையாடலொன்றில், சீனரல்லாத பிரதமருக்கு ஆயத்தமாகாதிருப்பது நாடா, கட்சியா என்ற கூர்மையான வினா எழுந்தது. மூத்த தலைமுறையினர் இன்னும் ஆயத்தமாகவில்லை என்றே அப்போதைய நிதி அமைச்சர் ஹெங் சுவீ கியட் விடையளித்தார். ஜூரோங்கின் வாக்குப்பெட்டிகள் வேறு விடை தந்திருந்தன. இரண்டுள் எதனைச் சான்றாகக் கொள்வது?

இங்கு ஒன்றை மறைக்காமல் கூற வேண்டும். தாம் பிரதமர் பதவிக்குரியவர் அல்லர் என்று 2016 இலேயே தர்மன் திட்டவட்டமாக மறுத்துவிட்டார். வயதினாலும் அவர் அடுத்த தலைமுறையைச் சேர்ந்தவரல்லர். எனவே அவருக்குப் பதவி பறிக்கப்பட்டது என்று புலம்புவது பொருந்தாது. (நம்மவருக்குப் புலம்பல் எளிதில் வரும்.) ஆனால் ஒருவர் வேண்டாமென்று விலகுவதும், சமூகமே ஆயத்தமில்லை என்று கட்சி கூறுவதும் ஒன்றல்ல. பின்னதைத் தர்மனே ஏற்கவில்லை. சிங்கப்பூர் எப்போதும் ஆயத்தமாகவே உள்ளது என 2023 தேர்தல் காலத்தில் அவர் கூறினார்.

ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் கட்சிகளில் சேரும் நம் இளையோர் இதனைக் கவனிக்க வேண்டும். வேட்பாளராவதோடு அவர்களது பயணம் முடிவதில்லை. கட்சிக்குள் யார் யாரைத் தெரிவு செய்கிறார்கள், அந்த அவையில் எவருக்கு வாக்குண்டு என்பவற்றை அறியாமல் மேடையில் மாலை ஏற்பதால் பயன் சிறிதே. பெற்றோரும் பிள்ளைகளை மருத்துவராகவும் பொறியியலாளராகவும் மட்டும் எண்ணாமல், கட்சிக் கிளைக் கூட்டங்களுக்குச் செல்ல விடுதல் நன்று. தர்மன் தமிழர் வேட்பாளராக எங்கும் நின்றவரல்லர் என்பதும் இவர்கள் நினைவில் இருக்கட்டும்.

2023 சூலையில் கட்சியிலிருந்தும் அனைத்துப் பதவிகளிலிருந்தும் விலகிய பின்னரே தர்மன் அதிபர் தேர்தலில் இறங்கினார். அடுத்த தலைமுறையினர் தெரிவு செய்த லாரன்ஸ் வோங் 2024 மே 15 அன்று பிரதமரானார். அரசியலமைப்பின்படி அவரை அப்பதவியில் நியமித்தவர் அதிபர் தர்மன்.