கடிகாரம் சொல்வதும் உடம்பு சொல்வதும்

ஈப்போவில் வேலைக்குச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத என் அக்காள் மகன் போன வாரம் போன் செய்தான். "மாமா, ஓடுறதுக்கு ஒரு வாட்ச் பார்த்து வச்சிருக்கேன். ஆயிரத்து ஐந்நூறு ரிங்கிட். வாங்கலாமா?"

நான் பதில் சொல்வதற்குள் அக்காள் போனை வாங்கிக்கொண்டார். "முதல்ல இவனை ஓடவே வேணாம்னு சொல்லு தம்பி!"

விஷயம் இதுதான். அரை மாரத்தானுக்குப் பயிற்சி எடுக்கும் பையன், நண்பனிடம் இரவல் வாங்கிய கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு காலை எட்டரை மணி வெயிலில் ஓடியிருக்கிறான். கிலோமீட்டருக்கு 6 நிமிடம் என்ற வேகத்தை விடக்கூடாது என்று பிடிவாதம். பன்னிரண்டாவது கிலோமீட்டரில் தலை சுற்றிச் சாலையோரம் உட்கார்ந்துவிட்டான். கடிகாரம் கடைசிவரை சரியாகத்தான் காட்டியதாம்!

அம்மா, மகன் இருவருக்கும் சேர்த்தே இந்த வாரம் எழுதுகிறேன்.

கடிகாரம் காட்டுவது எல்லாமே ஒரு கணிப்புதான். வானத்துச் செயற்கைக்கோள்களின் சமிக்ஞையை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுகிறது. போலோ மைதானம் போன்ற திறந்த வெளியில் இது நன்றாக வேலை செய்யும். கல்லுமலைக் கோயில் பக்கம் போனால், சுண்ணாம்புப் பாறையில் சமிக்ஞை மோதித் திரும்பும். வீட்டுக்கு வந்து வரைபடத்தைப் பார்த்தால் நாம் மலைக்குள்ளேயே புகுந்து ஓடியதுபோல் கோடு இருக்கும். அடர்ந்த மரங்களுக்கு அடியிலும் கணக்குக் கொஞ்சம் தவறும். விலை கூடிய கடிகாரங்கள் இரண்டு அலைவரிசைகளைப் பயன்படுத்தி இந்தப் பிழையைக் குறைக்கின்றன. பெரும்பாலும் திறந்த சாலையில் ஓடுபவருக்கு அது கட்டாயத் தேவை இல்லை.

போட்டிப் பாதையை அளப்பவர்கள் வளைவுகளில் மிகக் குறுகிய வழியில் அளப்பார்கள். நாம் கூட்டத்தில் விலகி விலகி ஓடுவோம். அதனால் கடிகாரம் 21.1 காட்டும்போது முடிவுக்கோடு இன்னும் 200 மீட்டர் தள்ளி இருக்கலாம். ஆறு நிமிட வேகத்தில் அது 1 நிமிடம் 12 வினாடி. சாலையோரக் கிலோமீட்டர் பலகையைப் பார்த்துப் பொத்தானை அழுத்திக் கணக்கு வைத்துக்கொள்வது நல்லது.

இதயத் துடிப்புக்கு வருவோம். கடிகாரத்தின் அடியில் உள்ள பச்சை விளக்கு, தோலுக்கடியில் இரத்தம் ஓடுவதைப் பார்த்து எண்ணுகிறது. வார் தளர்ந்தாலோ வியர்வையில் வழுக்கினாலோ, காலடித் தாளத்தையே துடிப்பு என்று எண்ணிவிடும். மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே, இறுக்கமாகக் கட்டுங்கள். துல்லியம் வேண்டுவோர் மார்பில் கட்டும் பட்டையை வாங்கலாம். 220இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கும் சராசரிதான். ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்புகள் கூடும், குறையும்.

நம் ஊர் வெயிலில், அதே வேகத்தில் ஓடினாலும் துடிப்பு ஏறிக்கொண்டே போகும். அப்போது வேகத்தைக் குறைக்க வேண்டும். பக்கத்தில் ஓடுபவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் நடங்கள். தலை சுற்றல், குமட்டல், உடல் சிலிர்ப்பு வந்தால் ஓட்டத்தை நிறுத்தி நிழலுக்குப் போங்கள். ஒருவர் குழம்பிப் பேசினால் உடனே உடம்பில் தண்ணீர் ஊற்றிக் குளிர்வித்து, 999ஐ அழையுங்கள்.

சுங்கை சிப்புட் பக்கத் தோட்டத்தில் எங்கள் அப்பா இருட்டிலேயே எழுந்து பெரட்டுக்குப் போவார். குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக இறங்கும். வெயில் ஏறினால் குறையும். 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் நேரம் அரை மணி முன்னே நகர்த்தப்பட்டபோது, "மணியை மாத்தலாம், வெயிலை மாத்த முடியுமா?" என்று சிரித்தார். இன்றும் இங்கே விடிய ஏழு மணி ஆகிறது. ஓடுபவர்களுக்கு அந்த இருட்டு நேரமே லாபம். பளிச்சென்ற சட்டையும் சின்ன விளக்கும் இருந்தால் போதும்.

கடைக்குப் போனால் நான்கு விஷயங்களைப் பாருங்கள். செயற்கைக்கோள் இயங்கும்போது பேட்டரி குறைந்தது எட்டு மணி நேரம் தாங்க வேண்டும். வியர்வைக் கையால் அழுத்தப் பொத்தான்கள் வேண்டும். ஓடிக்கொண்டே படிக்கும் அளவு எழுத்துப் பெரிதாக இருக்க வேண்டும். மழை தாங்க வேண்டும். இவை நான்கும் அடிப்படை மாடல்களிலேயே கிடைக்கின்றன.

மருமகன் விலை குறைந்ததையே வாங்கிவிட்டான். மீதிப் பணத்தில் நல்ல காலணி. நேற்று விடியற்காலை ஐந்தரைக்கு அவனோடு போலோ மைதானம் போனேன். திரையில் வேகத்தை மறைத்துவிட்டு, துடிப்பை மட்டும் வைத்துக்கொண்டு ஓடினான். வெயில் வருவதற்குள் வீடு திரும்பினோம். அக்காள் ஒன்றும் பேசாமல் மூன்று தட்டில் பசியாறை எடுத்து வைத்தார்.