இருட்டறைப் பெட்டிக்குள் இருந்த வெள்ளை அட்டை



எங்கள் வட்டாரத்தில் நெடுங்காலம் நடந்து மூடப்பட்ட புகைப்பட நிலையம் ஒன்றின் பொருள்கள் அண்மையில் எங்கள் பள்ளிக்கு அன்பளிப்பாக வந்தன. கோலா சிலாங்கூர், புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்சுந்தை (2007 முதல் பெஸ்தாரி ஜெயா) பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இத்தகைய நிலையங்களை நினைவிருக்கும். அடையாளக் கார்டுப் படமும் திருமணப் படமும் அங்கேதான். தோட்டம் துண்டாடப்பட்டு மக்கள் கலைந்த பிறகு, பல குடும்பங்களுக்கு மிஞ்சிய ஒரே சான்று அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்களே. எனவே அப்பொருள்களை வேண்டா என்று சொல்ல எவருக்கும் மனம் வரவில்லை.

வந்தவற்றுள் ஓர் உருப்பெருக்கி இருந்தது. நெகட்டிவிலிருந்து பெரிய படம் எடுக்கும் கருவி. உயரமான இரும்புத் தண்டில் விளக்குப் பெட்டி தொங்கும். படத்தைச் சூடுபடுத்தி உலர்த்தும் மின்கருவி ஒன்றும், பாதி கரைசலோடு பழுப்பு நிறப் போத்தல்கள் சிலவும் கூடவே வந்தன. நல்லவற்றைப் பள்ளி வரலாற்று மூலையில் வைப்பது, மற்றவற்றைச் சனிக்கிழமை கோத்தோங் ரோயோங்கில் கழித்துவிடுவது என்று பேசிக்கொண்டோம்.

உருப்பெருக்கியைத் துடைத்து வைக்கலாமே என்று நானே திருப்புளியோடு அமர்ந்தேன். விளக்குப் பெட்டியைத் திறந்தால் உள்ளே சாம்பல் கலந்த வெள்ளை அட்டை ஒன்று. அதன் ஒரு மூலை பொடிந்து மேசைமேல் விழுந்தது. கையால் வழித்துக் கைக்குட்டையில் துடைக்கப் போனபோது, பள்ளியின் மின்விசிறியைப் பழுதுபார்க்க வந்திருந்த பெற்றோர் ஒருவர், "டீச்சர், துடைக்காதீங்க! முதல்ல காத்தாடிய நிறுத்துங்க, தண்ணி தெளிங்க" என்றார். பழைய அடுப்பு, பழைய மின்பெட்டி எல்லாம் பிரித்துப் பழகியவர் அவர். அது கல்நாராக இருக்கலாம் என்றார். கல்நார் என்றால் அஸ்பெஸ்டாஸ்.

வெட்கமாக இருந்தது. ஏனெனில் இப்பொருள் எனக்குப் புதியதன்று. இடைநிலைப் பள்ளி ஆய்வுக்கூடத்தில் முக்காலியின் மேல் வைத்த கம்பிவலையின் நடுவே ஒரு வெள்ளை வட்டம் இருக்குமே, அந்தக் காலத்துக் கம்பிவலைகளில் அது கல்நார்தான். பரிசோதனை முடிந்ததும் அதைத் தேய்த்துக் கழுவி அடுக்கிய மாணவர்களுள் நானும் ஒருத்தி. இப்போது வரும் வலைகளில் பீங்கான் பூச்சு. ஆயினும் பள்ளிப் பண்டக அறைகளின் அடித்தட்டில் பழையவை கிடக்கக்கூடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

விளக்குப் பெட்டிக்குள் கல்நார் வந்த காரணம் எளியது. மணிக்கணக்கில் எரியும் விளக்கின் சூட்டை அது தாங்கும், எரியாது, விலையும் மலிவு. ஆகவே சூடேறும் கருவிகள் பலவற்றில் அட்டையாகவும், மின்கம்பியின் மேல் வெண்ணூல் உறையாகவும் அதைப் பயன்படுத்தினர். 1979-இல் அமெரிக்காவில் முடி உலர்த்தும் கருவிகளுக்குள் கல்நார் இருப்பது பெரும் செய்தியாகி, அவற்றைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றனர். ஆனால் எல்லா உருப்பெருக்கியிலும் அது இருப்பதில்லை. கண்ணால் பார்த்து உறுதி சொல்லவும் இயலாது. நுண்ணோக்கி வைத்துச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தால்தான் முடியும். சோதிக்காத வரையில் அது கல்நார் என்றே கொண்டு நடப்பதுதான் முறை.

முழுதாக, உடையாமல் இருக்கும் கல்நார் அட்டை அருகில் வந்தவரைத் தாக்கிவிடாது. உடைக்கும்போதும், அறுக்கும்போதும், உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத இழைகள் காற்றில் பறக்கின்றன. அவை நுரையீரலுக்குள் சென்று தங்குகின்றன. எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் உண்டாக்குவது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. பணியிடக் கல்நாரால் ஆண்டுதோறும் 200,000-க்கும் மேற்பட்டோர் இறப்பதாக அது மதிப்பிடுகிறது. நோய் வெளிப்படப் பல பத்தாண்டுகள் ஆகலாம். ஆலைக்குப் போகாமல், கணவரின் வேலைச் சட்டையைத் துவைத்ததாலேயே நோயுற்ற பெண்களும் உண்டு.

ஒருமுறை மேசையில் விழுந்த பொடியால் எனக்கு நோய் வந்துவிடும் என்று நான் அஞ்சவில்லை. ஆபத்து அளவோடும் காலத்தோடும் வளர்வது. என் கவலை கோத்தோங் ரோயோங் பற்றியது. அந்நாளில் நாம் என்ன செய்கிறோம்? பழைய பொருளை முற்றத்தில் போட்டு உடைக்கிறோம். இரும்பைத் தனியே எடுத்துப் பழைய இரும்பு வாங்குபவருக்குக் கொடுக்கிறோம். மிச்சத்தைப் பிள்ளைகளைக் கூட்டிப் பெருக்கச் சொல்கிறோம். சிலர் ஓரமாகத் தீயும் வைப்பர். கல்நாரோ எரியாது. இழைகளைப் பறக்கவிட இதைவிட நல்ல வழி இருக்க முடியாது! பத்து வயதுப் பிள்ளைக்கு நாற்பது ஆண்டு கழித்து வரும் நோய்க்கு எந்தச் சனிக்கிழமையை யார் நினைவுகூர்வர்?

"அறுபது ஆண்டு கல்நார்க் கூரையின்கீழ் லயத்தில் வாழ்ந்தோமே, எங்களுக்கு என்ன ஆயிற்று?" என்று பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார். அவர் சொல்வதில் பாதி சரி. கூரை கூரையாக இருந்தவரை தீங்கு குறைவு. ஆனால் லயங்களை இடித்த பிறகு அந்தத் தகடுகளை அறுத்துக் கோழிக்கூட்டுக்கும் குளியலறைக்கும் போட்டதையும் நாம் பார்த்திருக்கிறோம். இன்னொரு பாதியை மருத்துவமனைப் பதிவுகள்தாம் சொல்ல வேண்டும். தோட்டத்தை விட்டு எங்கெங்கோ சென்றவர்களின் இருமலுக்கு யார் காரணம் எழுதி வைத்தார்கள்?

அரசு தடை செய்யட்டும், பிறகு பார்ப்போம் என்பாரும் உளர். இலங்கையில் நடந்ததை அவர்களுக்குச் சொல்வேன். 2018 முதல் கல்நார் இறக்குமதியைக் கட்டுப்படுத்த இலங்கை அரசு எண்ணியிருந்தது. 2017 டிசம்பரில், தேயிலைச் சரக்கில் ஒரு வண்டு இருந்ததாகக் கூறி ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. கல்நாரை விற்கும் பெரிய நாடும் ரஷ்யாதான். இலங்கை தன் முடிவைத் தளர்த்திக்கொண்டது. நம் உறவுகள் கொழுந்து பறிக்கும் மலைகளின் தேயிலை!

அமெரிக்காவில் 1986-இல் வந்த ஒரு சட்டம், பள்ளிகள் தம் கட்டடங்களில் கல்நார் எங்கெங்கு உள்ளது என்று ஆராய்ந்து பதிவு வைக்க வேண்டும், மூன்றாண்டுக்கு ஒருமுறை மீண்டும் ஆராய வேண்டும், பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் ஆண்டுதோறும் அறிவிக்க வேண்டும் என விதித்தது. அதே 1986-இல் நம் நாட்டிலும் கல்நார் விதிமுறைகள் வந்தன. அவை தொழிற்சாலைகளை நோக்கியவை. பள்ளிப் பண்டக அறைக்கு நாம்தாம் விதி செய்துகொள்ள வேண்டும்.

கழிப்பதற்கு மட்டும் விதி இருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் பட்டியலிடப்பட்ட கழிவு விதிமுறைகளில், தூளாகவோ இழையாகவோ உள்ள கல்நார்க் கழிவுக்கு எஸ்.டபிள்யூ. 201 என்பது குறியீடு. அந்தப் பழுப்புப் போத்தல்களுக்கும் இடமுண்டு: புகைப்பட இரசாயனக் கழிவு எஸ்.டபிள்யூ. 423. பழைய ஃபிக்சர் கரைசலில் வெள்ளி கலந்திருக்கும். அதைச் சாக்கடையில் கொட்டினால் அது நம் ஆற்றுக்கே போகும். நம் மாவட்டத்து ஜெராம் குப்பை நிலம் வீட்டுக் குப்பைக்காக அமைந்தது. இவற்றை அங்குச் செல்லும் லாரியில் ஏற்றலாகாது. சுற்றுச்சூழல் துறையைக் கேட்டு, உரிமம் பெற்றவரிடமே ஒப்படைக்க வேண்டும்.

அதற்குச் செலவாகும், அலைச்சலும் உண்டு. அன்பளிப்பை ஏற்கும்போதே பெற்றோர் ஆசிரியர் சங்கம் இதைக் கேட்டிருந்தால் அலைச்சல் மிஞ்சியிருக்கும். கொடுத்த குடும்பத்தார் மேல் குறையில்லை. அவர்கள் தந்தையின் உழைப்பை நமக்கு நம்பித் தந்தார்கள்.

அன்று அந்தப் பெற்றோர் சொன்னபடி பொடியின் மேல் நீர் தெளித்து, ஈரத்தாளால் ஒற்றியெடுத்து, தாளையும் கைக்குட்டையையும் இரட்டைப் பிளாஸ்டிக் பையில் கட்டினோம். உருப்பெருக்கியையும் திறந்த நிலையிலேயே சுற்றிக் கட்டி, "திறக்கக் கூடாது" என்று தமிழிலும் மலாயிலும் எழுதி ஒட்டினேன். உலர்த்தும் கருவியை எவரும் பிரிக்கவில்லை. மூன்றும் போத்தல்களோடு பூட்டிய அறையில் உள்ளன. சுற்றுச்சூழல் துறைக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன். வரலாற்று மூலையில் இப்போது அந்த நிலையத்தின் பெயர்ப்பலகையும், அங்கே எடுத்த பதினொரு படங்களும் இருக்கின்றன.