திருமண விருந்தினர் காணாத சிங்கப்பூர்

2023 நவம்பர் இறுதியில் ஒலிபரப்பான ‘மனதின் குரல்’ நிகழ்ச்சியில், இந்தியக் குடும்பங்கள் அயல்நாடுகளுக்குச் சென்று திருமணம் நடத்துவது குறித்துப் பிரதமர் வருத்தம் தெரிவித்தார். அடுத்த மாதமே ‘இந்தியாவில் மணம் செய்யுங்கள்’ என்னும் முழக்கமும் எழுந்தது. அதனை ஒட்டி நிகழ்ந்த விவாதங்கள் பெரும்பாலும் இத்தாலிய ஏரிக்கரை மாளிகைகளையும் தாய்லாந்துக் கடற்கரை விடுதிகளையும் சுற்றியே நின்றுவிட்டன.

அவ்விவாதத்தில் ஒரு வேறுபாடு மறைந்துபோயிற்று. அழகுக்காக ஓர் ஊரைத் தேர்ந்து அங்கே பந்தலிடுவது ஒன்று. அண்ணன் மகள் பிறந்து வளர்ந்த ஊரே அயல்நாட்டில் இருப்பதால் அங்கு சென்று மொய் எழுதுவது வேறொன்று. இரண்டாவதில் இடத்தை எவரும் தேர்ந்தெடுப்பதில்லை. முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த இடப்பெயர்வு அதனை முன்பே முடிவு செய்துவிட்டது. அயல்நாடுகளில் வாழும் இந்தியரும் இந்திய வம்சாவளியினரும் மூன்று கோடிக்கு மேற்பட்டிருக்கையில், இத்தகைய பயணம் செல்வர்க்கு மட்டும் உரியதன்று. ஓய்வுபெற்ற ஆசிரியரும், முதன்முறையாகக் கடவுச்சீட்டு எடுத்த பெரியம்மாவும், சேமநிதியிலிருந்து விமானக் கட்டணம் செலுத்தியவரும் இதில் அடக்கம்.

சுற்றுலாப் புள்ளிவிவரம் இவர்களை ‘நண்பர்களையும் உறவினர்களையும் காணச் செல்வோர்’ என்ற ஒரே கட்டத்தில் அடைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. பயண இலக்கியமோ இவர்களைப் பயணிகளாகவே எண்ணுவதில்லை. ஆனால் ஒரு நகரத்துக்குள் நுழைய இவர்களுக்குக் கிடைக்கும் வாயில் வேறெந்தப் பயணிக்கும் கிடைப்பதன்று. உறவினர் வீட்டுச் சமையலறை, அடுக்ககத்தின் மின்தூக்கியில் நலம் விசாரிக்கும் சீன மூதாட்டி, கோயில் குருக்கள், திருமணத்தைப் பதிவு செய்ய வரும் அலுவலர் என்று நகரம் தன் உட்புறத்தைத் தானாகவே திறந்து காட்டுகிறது. அவ்வாய்ப்பு பெரும்பாலும் வீணாகிறது. தமிழர் மிகுதியாகச் சென்றுவரும் சிங்கப்பூரில் அது எவ்வாறு வீணாகிறது என்பது தெளிவாகவே தெரியும்.

ஐந்து நாள் பயணத்தில் இரண்டு நாள் திருமணத்துக்குப் போய்விடும். எஞ்சியவை மெர்லயன், மரீனா பே சாண்ட்ஸ், செந்தோசா, இறுதி மாலையில் முஸ்தபா. விமானம் ஏறுமுன்பே இந்த அட்டவணை குடும்ப வாட்ஸாப் குழுவில் முடிவாகியிருக்கும். வரவேற்போரின் அன்பில் ஐயமில்லை. தாங்கள் ஊரைவிட்டு வந்தது வீண்போகவில்லை என உறவினர்க்குக் காட்டும் ஆவலும் அதில் கலந்திருக்கிறது. எனினும் மெர்லயன் சிலை நிறுவப்பட்டது 1972இல். அந்த மூன்று கோபுர விடுதி திறக்கப்பட்டது 2010இல். மணமகளின் தந்தையைவிட வயதில் இளைய நகரம்தான் விருந்தினர்க்குக் காட்டப்படுகிறது.

இத்தனைக்கும் மூத்த நகரம் ஓர் எம்ஆர்டி பயணத் தொலைவில்தான் உள்ளது. சவுத் பிரிட்ஜ் சாலையில் இருக்கும் ஸ்ரீ மாரியம்மன் கோயில் 1827இல் மரத்தாலும் அத்தாப்புக் கூரையாலும் எழுப்பப்பட்டது. அதற்கு முன்னின்றவர் நாராயண பிள்ளை. 1819இல் பினாங்கிலிருந்து ராஃபிள்ஸுடன் வந்தவர். இந்துத் திருமணங்களை முறைப்படி நடத்திவைக்கும் அதிகாரம் ஒருகாலத்தில் இக்கோயிலுக்கு மட்டுமே இருந்தது. இன்று விருந்தினர் அமர்ந்து பார்க்கும் மணமேடைக்கும் பதிவேட்டில் இடப்படும் கையொப்பத்துக்கும் உரிய வரலாறு இங்கிருந்து தொடங்குகிறது எனலாம். 1961ஆம் ஆண்டின் பெண்கள் சாசனம் என்னும் சட்டம் பலதார மணத்துக்கு முடிவுகட்டிப் பதிவுத் திருமணத்தை முஸ்லிம் அல்லாதார் அனைவர்க்கும் பொதுவாக்கியது. தாலி கட்டும் வரை காத்திருந்து படம் எடுக்கும் உறவினர் கூட்டம், பதிவேடு வந்ததும் பந்திக்கு எழுந்துவிடுகிறது.

அக்கோயில் இருப்பது சைனாடவுனில். அருகிலேயே சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் 1826இல் நிறுவிய சூலியா பள்ளிவாசல். சற்றுத் தள்ளித் தெலுக் ஆயர் தெருவில், நாகூர் ஆண்டவர் நினைவாக 1828க்கும் 1830க்கும் இடையில் எழுந்த நாகூர் தர்கா. அந்நாளில் அத்தெருவே கடற்கரை. கடலைத் தூர்த்து நிலமாக்கிய பின் அலையோசை அங்கிருந்து விலகிப் போயிற்று. உயிரோடு கரை சேர்ந்தவர்கள் நன்றி செலுத்திய இடத்துக்கும் கடலுக்கும் இடையே இன்று வானளாவிய அலுவலகங்கள் நிற்கின்றன. தமிழரின் மிகப் பழைய தடங்களைக் காண விரும்புவோர் ‘லிட்டில் இந்தியா’வில் தேடுவது ஓரளவு சுற்றுலாத் துறையின் பெயர்சூட்டலால் விளைந்த மயக்கம். பழைய தலைமுறைக்கு அவ்விடம் தேக்காதான்.

இன்னொரு தடம் தேவாலயத்தில் உள்ளது. 1862இல் திருநிலைப்படுத்தப்பட்ட புனித அந்திரேயா பேராலயத்தைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட தண்டனைக் கைதிகள். உட்சுவர்களுக்குப் பூசப்பட்டது சென்னைச் சுண்ணாம்பு. சுண்ணத்தோடு முட்டை வெண்கருவும் சர்க்கரையும் சேர்த்து அரைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் விட்டுக் குழைத்த சாந்து. செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தடவிப் பார்த்தவர்க்கு அந்தப் பளபளப்பு அந்நியமாகத் தோன்றாது. 1825 முதல் 1873 வரை இத்தகைய கைதிகள் சிங்கப்பூரின் சாலைகளையும் கட்டடங்களையும் உருவாக்கினர். இன்று அதிபரின் இல்லமாகிய இஸ்தானாவும் அவர்கள் உழைப்பே.

அவ்வுழைப்பின் இற்றைநாள் வாரிசுகளைக் காண்பதற்குத்தான் விருந்தினர் தடுக்கப்படுகின்றனர். ‘ஞாயிற்றுக்கிழமை மட்டும் தேக்கா பக்கம் போகவேண்டாம், கூட்டமாக இருக்கும்’ என்பது வரவேற்கும் வீடுகளில் வழக்கமாகக் கேட்கும் அறிவுரை. அந்தக் கூட்டம் யார்? வார விடுமுறையில் புறநகர் விடுதிகளிலிருந்து வந்து சிராங்கூன் சாலையிலும் ரேஸ் கோர்ஸ் சாலைத் திடல்களிலும் அமர்ந்திருக்கும் தமிழகத்து, வங்கதேசத்துக் கட்டுமானத் தொழிலாளர். கூட்டம் என்ற சொல்லுக்குள் ஒளிந்திருப்பது வர்க்கக் கூச்சம் அன்றி வேறில்லை.

அயல்நாட்டில் தமிழர் திருமணம் என்ற பொருளைப் பேசும்போது இவர்களைத் தவிர்ப்பது நேர்மையாகாது. வேலை அனுமதிச்சீட்டில் பணிபுரியும் ஒருவர் சிங்கப்பூர்க் குடிமகளையோ நிரந்தரவாசியையோ மணக்க வேண்டுமானால், மணம் எந்நாட்டில் நடந்தாலும், மனிதவள அமைச்சின் ஒப்புதலை முன்கூட்டியே பெற வேண்டும். மனைவி மக்களை உடன் அழைத்துவந்து வாழும் உரிமையும் அவருக்கு இல்லை. அண்ணன் மகள் திருமணத்துக்கு ஊரிலிருந்து பதினைந்து பேர் பறந்து வருகின்றனர். முகவருக்குக் கொடுத்த கடன் அடைபடாத தொழிலாளியோ ஊரில் நடக்கும் தங்கை திருமணத்தைக் கைப்பேசித் திரையில் பார்க்கிறார். இருவரும் இறங்கியது ஒரே சாங்கி விமான நிலையத்தில்.

2013 டிசம்பர் 8ஆம் நாள் இரவு, தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருவர் தனியார் பேருந்தின் அடியில் சிக்கி இறந்ததைத் தொடர்ந்து ரேஸ் கோர்ஸ் சாலையருகே கலவரம் மூண்டது. பொது இடங்களில் மது அருந்துவதற்கான கட்டுப்பாடுகள் 2015இல் சட்டமாயின. பெருந்தொற்றுக் காலத்தில் தொற்றின் பெரும்பகுதி தொழிலாளர் விடுதிகளிலேயே பரவியது. மற்றவர்கள் வெளியே நடமாடத் தொடங்கிய பின்னும் விடுதிவாசிகளின் நடமாட்டம் நெடுங்காலம் கட்டுக்குள் இருந்தது. 2022 ஜூனுக்குப் பின்னரும், ஞாயிறுகளிலும் பொது விடுமுறைகளிலும் தேக்காவுக்கு வர அவர்களுக்குத் தனி அனுமதி தேவைப்பட்டது. பின்னர்தான் அது தளர்த்தப்பட்டது. அதே நாள்களில், சில நாள் நுழைவிசைவோடு வந்த திருமண விருந்தினர் அதே தெருவில் எவரிடமும் கேளாமல் நடந்து மல்லிகைச் சரம் வாங்கினார்.

தொழிலாளரின் ஓய்வுநாளைக் காட்சிப்பொருளாக்குவது முறையா என்று ஒருவர் வினவலாம். உரிய வினாதான்; படக்கருவியோடு செல்பவர் செல்லாதிருப்பதே நன்று. ஆனால் திருமண விருந்தினர் அங்கே வேற்றாள் அல்லர். தேக்கா உணவங்காடியில் அதே பரோட்டாக் கடை வரிசையில் நிற்பவர், அதே மொழியில் பேசுபவர். பெருமாள் கோயிலை ஒட்டிய திருமண மண்டபம் தாங்கியிருக்கும் கோவிந்தசாமிப் பிள்ளை என்ற பெயரும், இளம் வயதில் கப்பலேறி வந்து மளிகைக் கடையில் வேலைக்கு நின்று பின்னர் பெருவணிகராக உயர்ந்த ஒருவருடையதே. வரவேற்கும் குடும்பத்தின் பாட்டனார் வந்த வழியும் பெரும்பாலும் அதுவே. அதனைக் குடும்பம் பேச விரும்பாதது புரிந்துகொள்ளத்தக்கது. இடப்பெயர்வு குறித்து ஆய்வேடு எழுதும் மாணவரும், உறவினர் திருமணத்துக்குச் சென்றால் செந்தோசா படங்களோடு மட்டும் திரும்புவதுதான் புரியவில்லை.

இறுதி மாலையில் எல்லோரும் முஸ்தபாவுக்குப் போகத்தான் போகின்றனர். கோடரித் தைலமும் சாக்லேட்டும் வாங்கி முடித்த பின், அது ஞாயிறாக இருப்பின், இரண்டு தெரு தள்ளியுள்ள திடல் வரை நடக்கலாம். அங்கே புல்லில் அமர்ந்திருப்பவரிடம் ‘தம்பி, எந்த ஊர்?’ என்று கேட்டால், பல வேளைகளில் விடை விருந்தினரின் சொந்த ஊரிலிருந்து ஒரு மணிநேரப் பேருந்துப் பயணத் தொலைவில் இருக்கும்.