அறிவினா மட்டுமே போதுமா?

தமிழாசிரியர் எவருக்கும் நன்னூல் கூறும் ஆறு வினா வகைகள் தெரியும்: அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா. இவற்றுள் நம் வகுப்பறைகளில் உயிரோடு இருப்பவை எத்தனை? விடையை முன்பே அறிந்துகொண்டு மாணவனைச் சோதிக்கும் அறிவினா ஒன்று, 'வீட்டுப்பாடம் முடித்தாயா?' என்னும் ஏவல்வினா மற்றொன்று. இரண்டும் ஆசிரியர் வாயில் பிறப்பவை. மாணவன் வாயில் பிறக்கவேண்டிய அறியாவினாவும் ஐயவினாவும் கொளல்வினாவும் இலக்கண நூலிலேயே உறங்குகின்றன.

இதனால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்பவர்களுக்கு, நான் தனியாக மேற்கொண்ட நெடும்பயணம் ஒன்றைச் சான்றாக வைக்கிறேன்.

2010 ஏப்ரலில் டொராண்டோவிலிருந்து பிராங்பர்ட் வழியாகக் கோலாலம்பூர் திரும்பிக்கொண்டிருந்தேன். அவ்வாரம் ஐஸ்லாந்து எரிமலை கக்கிய சாம்பலால் ஐரோப்பிய வான்வெளியின் பெரும்பகுதி மூடப்பட்டது. ஆறே நாளில் ஏறக்குறைய 100,000 வானூர்திப் பயணங்கள் நீக்கப்பட்டன. ஏறக்குறைய 10 மில்லியன் பயணிகள் பாதிக்கப்பட்டனர். அவர்களுள் நானும் ஒருவன். பிராங்பர்ட்டில் ஐந்து இரவுகள் கழிந்தன. துணைக்கு ஆளில்லை, பெட்டி எங்கிருக்கிறது என்று தெரியவில்லை, கையிருப்பும் கரைந்துகொண்டிருந்தது.

அங்கே ஒரு சட்டம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டு 261ஆம் எண் ஒழுங்குவிதி அது. ஒன்றியத்து நிலையம் ஒன்றிலிருந்து புறப்படவேண்டிய பயணம் நீக்கப்பட்டால், நிறுவனம் எந்நாட்டினதாயினும் பயணிக்கு உணவும், தேவைப்படின் தங்கும் விடுதியும், அங்குச் சென்றுவர வண்டியும், கட்டணமின்றி இரு தொலைபேசி அழைப்புகளும் தரவேண்டும். எரிமலையைக் காரணம் காட்டியும் இக்கடமையிலிருந்து நழுவ முடியாது என்று, இதே சாம்பல் தொடர்பான வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2013இல் உறுதிசெய்தது. அதைவிட முதன்மையான செய்தி ஒன்றுண்டு. பயணிகள் தம் உரிமைகள் அடங்கிய தாளை முகப்பிடத்தில் கேட்டுப் பெறலாம் என்னும் அறிவிப்பை நிறுவனம் கண்ணில் படுமாறு வைக்கவேண்டும் என்பதும் அவ்விதியிலேயே உள்ளது. அதாவது, சட்டமே பயணியைப் பார்த்து 'வாய் திறந்து கேள்' என்கிறது!

கேட்டேன். முதலில் கையை விரித்தார்கள். தாளைக் கேட்டேன், அதன்பின் மேலாளரைக் கேட்டேன். மறுநாள் விடுதி அறை கிடைத்தது. என் வரிசையிலேயே நம் நாட்டு மாணவர்கள் மூவர் இருந்தனர். தேர்வுகளில் சிறந்த தேர்ச்சி. ஆங்கிலமோ தண்ணீர்பட்ட பாடு. இரண்டு இரவுகளை நாற்காலியிலேயே கழித்திருந்தார்கள். காரணம் வினவினேன். "அவர்கள் ஒன்றும் சொல்லவில்லையே சார்" என்றார்கள். சொல்லாததைக் கேட்கலாம் என்பதே அப்பிள்ளைகளுக்குத் தோன்றவில்லை. அது அவர்கள் குற்றமன்று. பதினோராண்டுப் பள்ளிப்படிப்பு தந்த பயிற்சி அது.

அதே நிலையத்தில் திருச்சியைச் சேர்ந்த மூதாட்டி ஒருவரையும் கண்டேன். அமெரிக்காவிலுள்ள மகன் வீட்டிலிருந்து தனியே ஊர் திரும்பிக்கொண்டிருந்தவர். மலேசியக் கடப்பிதழ் வைத்திருந்த எனக்கு வெளியே செல்லத் தடையில்லை. விசா இல்லாத இந்தியப் பயணிகளோ இடைவழிப் பயணியர் கூடத்திலேயே மடக்குக் கட்டிலில் கிடக்கவேண்டியதாயிற்று. அம்மையாருக்குத் தமிழன்றி வேறு மொழி தெரியாது. ஆனால் முடிந்துபோன நீரிழிவு மாத்திரையின் அட்டையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, எதிர்ப்பட்ட ஊழியரிடமெல்லாம் "இது கிடைக்குமா தம்பி?" என்று தமிழிலேயே கேட்டார். அரைமணி நேரத்தில் மருத்துவர் வந்தார். தூய கொளல்வினா! பிறகு என்னிடம் திரும்பி, "நீங்க சாப்பிட்டீங்களா?" என்றார். அது கொடைவினா.

'ஆங்கிலம் தெரிந்தால் பிள்ளை உலகில் எங்கும் பிழைத்துக்கொள்வான், தமிழ்ப்பள்ளி எதற்கு?' என்று கூறும் பெற்றோர்களே, இப்போது சொல்லுங்கள். அந்த மூவரிடம் இல்லாதிருந்தது ஆங்கிலமா? மொழி ஒரு கருவி. அதை எடுத்துக் கையாளும் துணிவு இல்லாதவனுக்கு ஐந்து மொழி தெரிந்தும் ஊமையே.

ஆசிரிய நண்பர்களும் மகிழ்ந்துவிட வேண்டா. தமிழ்ப்பள்ளி என்பதால் மட்டும் நாம் அந்த மூதாட்டியின் பக்கம் நிற்கிறோமா? வினா எழுப்பும் மாணவனை 'வாயாடி' என்கிறோம். வாய்மூடி இருப்பவனுக்கு நன்னடத்தைச் சான்று தருகிறோம். கேட்டால் தேர்வைக் காரணம் காட்டினோம். யுபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. தேர்வு போயிற்று, பழக்கம் போயிற்றா?

'கேள்வி கேட்க விட்டால் வகுப்புக் கட்டுப்பாடு குலையும்' என்பார்கள். கட்டுப்பாடு வேறு, அடக்குமுறை வேறு. வரிசையில் நிற்பது கட்டுப்பாடு. வரிசையில் நின்று தன் முறை வந்ததும் வாய் அடைத்துப்போவது அடிமைத்தனம்.

இஃது ஐரோப்பாவுக்கு மட்டும் உரிய செய்தியன்று. மலேசியாவிலும் 2016 முதல் வானூர்திப் பயனீட்டாளர் பாதுகாப்பு நெறிமுறை நடப்பில் இருக்கிறது. இரண்டு மணி நேரத் தாமதத்திற்கு உணவு. ஐந்து மணி நேரத்தையும் கடந்து இரவு தங்க நேர்ந்தால் விடுதி. தாமதமான வானூர்திக்குக் காத்திருந்த நம்மவருள் எத்தனை பேர் முகப்பிடத்திற்குச் சென்று கேட்டிருக்கிறோம்? அருகில் அமர்ந்த பிள்ளை நம் மௌனத்தையும் சேர்த்தே பாடம் படிக்கிறது.

செய்யவேண்டியவை கடினமானவை அல்ல. ஆசிரியர்களே, பத்தியைக் கொடுத்து ஐந்து வினாவுக்கு விடை எழுதச் சொல்வதோடு நில்லாமல், அப்பத்தியைப் பற்றி மூன்று வினா எழுப்பச் சொல்லுங்கள். நல்ல வினாவுக்குப் புள்ளி வழங்குங்கள். உங்களுக்கு விடை தெரியாத வினா வந்தால் மகிழுங்கள். அன்றைக்குத்தான் அங்கே அறியாவினா பிறந்திருக்கிறது. பெற்றோர்களே, உணவகத்தில் பிள்ளையே உணவு கேட்கட்டும். அஞ்சலகத்தில் அவனே கட்டணம் விசாரிக்கட்டும். பேருந்து எங்குச் செல்கிறது என்று ஓட்டுநரிடம் அவளே வினவட்டும். முந்திக்கொண்டு பேசாதீர்கள்.

என்றோ ஒருநாள் நம் பிள்ளைகள் அயல்மண்ணில் தனியே நிற்கத்தான் போகிறார்கள். அங்கே எவரும் அவர்களிடம் விடை தெரிந்த வினாக்களைத் தொடுக்கப் போவதில்லை. மற்ற வினாக்களை அவர்களே தொடுத்தாக வேண்டும். அதற்கான பயிற்சிக்களம் நம் வகுப்பறையும் வீடுமே, வேறெங்கும் இல்லை.